ஒரே 10 விநாடி, ஆளுக்கொரு விலை: ஃபார்முலா 1 பெனால்டிகளில் ஏன் இத்தனை சண்டை?

2025 ஃபார்முலா 1 சீசன் முடிந்தபோது டிரைவர்கள் பட்டியலின் உச்சியில் இருந்த கணக்கு இது: லாண்டோ நோரிஸ் 423, மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 421. மார்ச்சில் தொடங்கி டிசம்பர் வரை 24 ரேஸ்கள். சாம்பியனையும் இரண்டாம் இடத்தையும் கடைசியில் பிரித்தது வெறும் 2 புள்ளி.

அபுதாபியில் கடைசி ரேஸ் முடிந்த கையோடு வெர்ஸ்டாப்பனிடம் பார்சிலோனாவைப் பற்றி ஒருவர் கேட்டார். அவருக்குச் சுருக்கென்றது. சீசனில் நடந்த மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்களே என்ற தொனியில் பதில் வந்தது. எரிச்சல் நியாயம்தான். ஆனால் கேள்வியும் சும்மா வந்ததல்ல. அந்த ஒரு ஊரில், ஒரே ஒரு 10 விநாடி பெனால்டியில், அவர் இழந்தது 9 புள்ளி.

பார்சிலோனாவில் நடந்தது என்ன?

2025 ஜூன் 1. மொத்தம் 66 சுற்றுகள். கடைசிக் கட்டத்தில் சேஃப்டி கார் வந்ததும் முன்னணி டிரைவர்கள் டயர் மாற்றிக்கொண்டார்கள். வெர்ஸ்டாப்பனுக்குப் போட ரெட் புல் கையில் மிச்சமிருந்த புது டயர் ‘ஹார்டு’ மட்டும்தான். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் பிடிமானம் அதிகமுள்ள ‘சாஃப்ட்’. ரேஸ் மறுபடி தொடங்கியதும் கடைசி வளைவில் அவர் கார் வழுக்க, சார்ல்ஸ் லெக்லேர் தாண்டிப் போனார். அடுத்த வளைவிலேயே ஜார்ஜ் ரஸ்ஸல் உள்பக்கமாக மூக்கை நுழைத்தார். இரண்டு கார்களும் உரசின. வெர்ஸ்டாப்பன் பாதையை விட்டு வெளியே போய், ரஸ்ஸலுக்கு முன்னாலேயே உள்ளே திரும்பினார்.

இப்போது ரெட் புல் டீம் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். வளைவை வெட்டி இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார் என்று நடுவர்கள் சொன்னால் பெனால்டி நிச்சயம். ரஸ்ஸல்தான் இடித்து வெளியே தள்ளினார் என்று சொன்னால் எதுவும் இல்லை. எது வரும்? டீமுக்குத் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று, ரஸ்ஸலுக்கு இடத்தைக் கொடுத்துவிடு என ரேடியோவில் சொன்னார்கள். வெர்ஸ்டாப்பன் கொதித்தார். 64-வது சுற்றில், ஐந்தாவது வளைவுக்குப் போகும்போது வேகத்தைக் குறைத்து ரஸ்ஸலை முன்னே விடுவது போல விட்டவர், திடீரென முடுக்கிப் போய் அவர் காரின் பக்கவாட்டில் மோதினார்.

10 விநாடி பெனால்டி. ஐந்தாவதாக ரேஸை முடித்தவர் பத்தாவது இடத்துக்கு இறங்கினார். 10 புள்ளி 1 புள்ளியானது. மறுநாள் இன்ஸ்டாகிராமில் அவரே எழுதினார், அது சரியல்ல, நடந்திருக்கக் கூடாது என்று.

இதில் பலரும் மறந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. எல்லாவற்றுக்கும் காரணமான அந்த முதல் வளைவு உரசலை நடுவர்கள் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? நடவடிக்கை எதுவும் தேவையில்லை. அதாவது, வெர்ஸ்டாப்பன் இடத்தைக் கொடுத்திருக்கவே வேண்டியதில்லை.

மோதியது அவர் தப்புதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் நடுவர் என்ன சொல்வார் என்று ஆயிரம் பேர் வேலை செய்யும் ஒரு டீமாலேயே ஊகிக்க முடியாதபோது, அந்தக் குழப்பத்துக்கும் ஒரு விலை இருக்கிறது.

அதே 10 விநாடி, ஸாண்ட்வூர்ட்டில்

மூன்று மாதம் கழித்து நெதர்லாந்து. வில்லியம்ஸ் டீமின் கார்லோஸ் சைன்ஸ், லியாம் லாசனை வெளிப்பக்கமாகத் தாண்டப் பார்த்தார். முதல் வளைவில் இரண்டு கார்களும் மோதிக்கொண்டன. நடுவர்கள் சைன்ஸுக்கு 10 விநாடி பெனால்டி போட்டார்கள், கூடவே சூப்பர் லைசென்ஸில் 2 தண்டனைப் புள்ளிகள். சைன்ஸ் கொதித்துப்போனார்.

வில்லியம்ஸ் விடவில்லை. ரேஸ் நடந்தபோது நடுவர்கள் கையில் இல்லாத கேமரா காட்சிகளைக் கொண்டுவந்து மறு ஆய்வு கேட்டது. ரொம்ப அபூர்வமாகவே ஏற்கப்படும் கோரிக்கை அது. இந்த முறை ஏற்கப்பட்டது. புதுக் காட்சிகளைப் பார்த்த நடுவர்கள், இதில் எந்த டிரைவரும் பெரும்பகுதி குற்றவாளி இல்லை, ரேஸில் நடக்கும் சாதாரண மோதல்தான் என்று முடிவை மாற்றி, தண்டனைப் புள்ளிகளை நீக்கினார்கள். ஆனால் ரேஸில் நின்று கழித்த 10 விநாடி? அது போனது போனதுதான். முடிந்த ரேஸைத் திரும்ப ஓட்ட முடியாதே.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் கோபத்தில் இன்னொருவர் மீது காரை விட்டார். 2016 சாம்பியன் நிக்கோ ரோஸ்பெர்க் ஒளிபரப்பிலேயே சொன்னார், இதற்குக் கறுப்புக் கொடிதான் காட்ட வேண்டும் என்று. கறுப்புக் கொடி என்றால் அங்கேயே வெளியேற்றம். இன்னொருவர் மீது, கடைசியில் பார்த்தால், தப்பே இல்லை. இருவருக்கும் அன்று கிடைத்தது அதே 10 விநாடி.

ரசிகர்கள் இதைத்தான் ‘ஒரு கண்ணில் வெண்ணெய், இன்னொரு கண்ணில் சுண்ணாம்பு’ என்கிறார்கள். உண்மை கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டு கண்ணிலும் ஒரே டப்பாவில் இருந்துதான் எடுத்து வைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ‘ஒரே தப்புக்கு ஒரே தண்டனையா?’ என்பது ஒரு கேள்வி. ‘அந்தத் தண்டனை எல்லோருக்கும் ஒரே அளவு வலிக்கிறதா?’ என்பது வேறு கேள்வி. ஃபார்முலா 1 முதல் கேள்வியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. இரண்டாவதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

தீர்ப்பு சொல்வது யார்?

‘ஸ்டூவர்டுகள்’ எனப்படும் நடுவர்கள். ஒவ்வொரு ரேஸுக்கும் மூன்று அல்லது நான்கு பேர். சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பான எஃப்ஐஏ நியமிக்கும். 2010 முதல் அவர்களில் ஒருவர் முன்னாள் டிரைவர். ஓட்டியவனுக்குத்தானே ஓட்டுபவன் நிலைமை புரியும் என்ற யோசனை.

ஆச்சரியமான தகவல் இனிமேல்தான். கோடிக்கணக்கான டாலர் புழங்கும் இந்த விளையாட்டில் நடுவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பயணச் செலவு, தங்குமிடம் போன்றவை மட்டும். எல்லோரும் தன்னார்வலர்கள். வேறு வேலை பார்ப்பவர்கள். குழுவும் ரேஸுக்கு ரேஸ் மாறும். கிரிக்கெட்டில் ஒரே தொடரின் ஒவ்வொரு மேட்சுக்கும் புதுசு புதுசாக, சம்பளம் வாங்காத அம்பயர்கள் வந்தால் எப்படி இருக்கும்?

முன்னாள் டிரைவரை உட்கார வைப்பதிலும் விசித்திரங்கள் உண்டு. 1994 அடிலெய்டில் மைக்கேல் ஷூமாக்கரும் டேமன் ஹில்லும் மோதினார்கள். இருவரும் வெளியேற, ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஷூமாக்கர் சாம்பியன். தண்டனை எதுவும் இல்லை. 16 ஆண்டுகள் கழித்து, 2010 மொனாகோவில் கடைசி வளைவில் ஃபெர்னாண்டோ அலோன்சோவைத் தாண்டிய ஷூமாக்கருக்கு 20 விநாடி பெனால்டி போட்ட நடுவர் குழுவில் முன்னாள் டிரைவராக உட்கார்ந்திருந்தது யார்? அதே டேமன் ஹில். ஷூமாக்கர் ஆறாவது இடத்தில் இருந்து பன்னிரண்டுக்குப் போனார். ஹில்லுக்கு வசவு மெயில்கள் குவிந்தன. பழைய பகை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றாமல் இருக்குமா?

ஷூமாக்கர் கதைக்கு இன்னொரு நுனியும் உண்டு. 1997-ல் ஹெரெஸ் நகரில் ஜாக் வில்னோவ் மீது கிட்டத்தட்ட அதே மாதிரி காரைத் திருப்பினார். இந்த முறை சாம்பியன்ஷிப் பட்டியலில் இருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது. 1994-ல் பட்டம், 1997-ல் பட்டியலிலேயே இடமில்லை. இன்றைய வழிகாட்டு நெறிகள் எல்லாம் ஏன் எழுதப்பட்டன என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு வருடங்களைக் காட்டினால் போதும்.

விநாடிக்கு விலை என்ன?

தண்டனைகளின் படிநிலை எளிது. 5 விநாடி, 10 விநாடி, பிட் பாதைக்குள் மெதுவாக ஓட்டிப் போய்த் திரும்புவது, உள்ளே போய் 10 விநாடி நின்றுவிட்டு வருவது, அடுத்த ரேஸில் பின்னால் இருந்து தொடங்குவது, தகுதி நீக்கம். 5, 10 விநாடி பெனால்டிகளை டயர் மாற்ற நிற்கும்போது கழித்துக்கொள்ளலாம். அந்த நேரம் முழுவதும் மெக்கானிக்குகள் காரைத் தொடக் கூடாது. நிற்காவிட்டால் ரேஸ் முடிந்ததும் நேரத்தில் கூட்டிவிடுவார்கள்.

இதுதான் பிரச்சினை. ஹெல்மெட் போடாவிட்டால் தமிழ்நாட்டில் 1,000 ரூபாய் அபராதம். சாப்பாடு டெலிவரி செய்யும் இளைஞருக்கு அது ஒரு நாள் உழைப்பு. இரண்டு லட்ச ரூபாய் பைக்கில் சுற்றுபவருக்கு ஒரு சினிமா செலவு. சட்டம் சமம்தான். வலி சமமில்லை.

2021 சில்வர்ஸ்டோன். முதல் சுற்றிலேயே காப்ஸ் வளைவில் லூயிஸ் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் உரச, வெர்ஸ்டாப்பன் 51 ஜி விசையோடு தடுப்பில் மோதினார். மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. ஹாமில்டன்தான் பெரும்பகுதி காரணம் என்று நடுவர்கள் 10 விநாடி போட்டார்கள். ஆனால் ஹாமில்டனிடம் இருந்தது மெர்சிடஸ். 10 விநாடியைக் கழித்துவிட்டு வந்து, ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசிச் சுற்றுகளில் லெக்லேரையும் தாண்டி வென்றார். சாம்பியன்ஷிப்பில் 33 புள்ளியாக இருந்த இடைவெளி ஒரே மதியத்தில் 8 ஆனது. ரெட் புல் கத்தியது. அப்போதைய ரேஸ் இயக்குநர் மைக்கேல் மாசி சொன்ன விளக்கம்: நடுவர்கள் செயலை மட்டும்தான் பார்ப்பார்கள், விளைவைப் பார்ப்பதில்லை, நீண்ட காலமாகவே அதுதான் நடைமுறை.

கேட்கக் கொஞ்சம் கொடூரமாக இருந்தாலும், இந்தக் கொள்கையில் அர்த்தம் இருக்கிறது. விளைவைப் பார்த்துத் தண்டித்தால், ஒரே மாதிரி உரசிய இரண்டு பேரில் எதிராளியின் டயர் வெடித்தவருக்கு மட்டும் பெரிய தண்டனை கிடைக்கும். அது அதிர்ஷ்டத்தைத் தண்டிப்பது போல. ஆனால் தண்டனையின் விளைவையும் பார்க்காமல் விட்டால்? வேகமான கார் வைத்திருப்பவர் பெனால்டியை ஒரு கட்டணம் மாதிரிக் கட்டிவிட்டுப் போய்விடுவார்.

பணக்கார டீம் மட்டும்தான் இப்படிச் செய்யும் என்றில்லை. 2024 சவுதி அரேபியா ரேஸில் ஹாஸ் டீமின் கெவின் மேக்னஸனுக்கு இரண்டு 10 விநாடி பெனால்டிகள். அவர் ரேஸ் அங்கேயே முடிந்துபோனது. அப்புறம் என்ன? பின்னால் வந்த கூட்டத்தையே மெதுவாக ஓட்டித் தடுத்து நிறுத்தினார். முன்னால் போன சக டிரைவர் நிக்கோ ஹுல்கென்பெர்க் சாவகாசமாகப் பிட்டுக்குப் போய் வந்து, பத்தாவது இடத்தையும் ஒரு புள்ளியையும் எடுத்துக்கொண்டார். 20 விநாடி கொடுத்து ஒரு புள்ளி வாங்கிய வியாபாரம். ஏற்கெனவே தோற்றவருக்கு விநாடி மலிவு.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கிறது. 2012 மலேசியா ரேஸ். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், களத்திலேயே மெதுவான கார்களில் ஒன்றான எச்ஆர்டி-யை ஓட்டிக்கொண்டிருந்தார். நான்காவதாக ஓடிய உலக சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல் அவரைச் சுற்று கடந்து தாண்டும்போது இரண்டு கார்களும் உரச, வெட்டலின் பின் டயர் கிழிந்தது. வெட்டல் காரில் இருந்தே விரலைக் காட்டினார், பிறகு பேட்டியில் திட்டவும் செய்தார். வெட்டல் முடித்தது பதினொன்றாவது, புள்ளி பூஜ்யம். தண்டனை நரேனுக்கு: 20 விநாடி. அதன் முழு விளைவு, 21-வது இடம் 22 ஆனது. அவ்வளவுதான். முன்னால் ஓடுபவனுக்கு ரேஸையே பறிக்கும் 20 விநாடி, கடைசியில் ஓடுபவனுக்கு ஒரு படி.

ஏழு ஆண்டுகள் கழித்து கனடாவில் அதே வெட்டல் விநாடியின் இன்னொரு விலையைப் பார்த்தார். முன்னிலையில் இருந்தவர் புல்லுக்குப் போய், தடுமாறி உள்ளே வந்தபோது பின்னால் வந்த ஹாமில்டனுக்கு வழி அடைபட்டது. ஆபத்தான மறுநுழைவு என்று 5 விநாடி. முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார். முன்னிலை ஒன்றரை விநாடிகூட இல்லை. வெற்றி ஹாமில்டனுக்குப் போனது. வெட்டல் நேராகக் கார்கள் நிறுத்தும் இடத்துக்குப் போய், ஹாமில்டன் கார் முன்னால் இருந்த ‘1’ பலகையைத் தூக்கி, கார் இல்லாத தன் இடத்தில் வைத்துவிட்டு நடந்தார். குழுவில் இருந்த முன்னாள் டிரைவர் இமானுவேலே பிர்ரோ இத்தாலியர், அதிலும் ஃபெராரி ரசிகர்கள் நிறைந்த நாட்டுக்காரர். சமூக ஊடகத்தில் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது.

எழுதி வைத்தால் சரியாகிவிடுமா?

‘ஆளுக்கொரு நியாயம்’ என்ற புகாருக்கு எஃப்ஐஏ கண்ட மருந்து, எழுதி வைப்பது. டிரைவர்களோடு பேசி, யார் வளைவுக்கு உரிமையாளர் என்று வழிகாட்டு நெறிகள் உருவாக்கினார்கள். உள்பக்கமாகத் தாண்டுபவரின் முன் அச்சு, வளைவின் நடுப்புள்ளியில் எதிராளியின் கண்ணாடி அளவுக்காவது வந்திருக்க வேண்டும். வெளிப்பக்கமாகத் தாண்டுபவர் அந்தப் புள்ளியில் எதிராளியைவிட முன்னால் இருக்க வேண்டும். இப்படிப் போகும் அது.

அழகான விதி. ஆனால் விதி தெரிந்துவிட்டால் அதை வைத்து ஆடவும் தெரிந்துவிடும், இல்லையா?

2024 அக்டோபர், ஆஸ்டின். பட்டப் போட்டியில் துரத்தி வந்த நோரிஸ், ரேஸ் முடியச் சில சுற்றுகள் இருக்கும்போது நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், பன்னிரண்டாவது வளைவில், வெளிப்பக்கமாக வெர்ஸ்டாப்பனைத் தாண்டப் போனார். உள்ளே இருந்த வெர்ஸ்டாப்பன் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்தார். அதனால் நடுப்புள்ளியை முதலில் தொட்டவர் அவர். விதிப்படி வளைவு அவருடையது. ஆனால் அத்தனை தாமதமாகப் பிடித்த பிரேக்கில் கார் திரும்பாமல் அவரும் பாதைக்கு வெளியே போனார், வெளிப்பக்கம் இருந்த நோரிஸையும் தள்ளிக்கொண்டு. திரும்பி வந்தபோது நோரிஸ் முன்னால். பாதைக்கு வெளியே போய்த் தாண்டினார் என்று நோரிஸுக்கு 5 விநாடி. மூன்றாவது இடம் வெர்ஸ்டாப்பனுக்கு.

நடுவர்களின் முடிவில் ஒரு சுவாரசியமான வரி இருந்தது. வழிகாட்டு நெறி பரிந்துரைப்பது 10 விநாடி. ஆனால் பக்கத்தில் இருந்த காரும் வெளியே போனதால் நோரிஸுக்கு வேறு வழியில்லை, அதனால் 5 என்றார்கள். வேறு வழியில்லாதவருக்கு எதற்குத் தண்டனை என்று கேட்டால் பதில் இல்லை. விதியும் மனசாட்சியும் பேரம் பேசி நடுவில் முடித்துக்கொண்ட மாதிரி இருந்தது அது.

அதே ரேஸில், அதே வளைவில் ரஸ்ஸல் உள்பக்கமாகப் போய் வால்டெரி போட்டாஸை வெளியே தள்ளியதற்கு 5 விநாடி வாங்கினார். தாண்டப் போனவர் தள்ளினால் தப்பு, தடுப்பவர் தள்ளினால் சரி. நெறியின்படி இரண்டும் சரியான தீர்ப்புகள். டிவியில் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது.

ஒரு வாரம் கழித்து மெக்சிகோ. அதே இருவர், அதே முரட்டுத்தனம். இந்த முறை ஒரே சுற்றில் இரண்டு முறை நோரிஸை நெருக்கியதற்காக வெர்ஸ்டாப்பனுக்கு 10 விநாடி, மேலும் 10 விநாடி. மொத்தம் 20. முடிவில் ஆறாவது இடம். அந்த நடுவர் குழுவில் இருந்த முன்னாள் டிரைவர் ஜானி ஹெர்பெர்ட் ஒருதலைப்பட்சமானவர் என்று வெர்ஸ்டாப்பனின் அப்பா யோஸ் சாடினார். ஹெர்பெர்ட் ஊடகங்களிலும் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தவர். 2025 ஜனவரியில், ஊடக வேலையும் நடுவர் வேலையும் ஒத்துப்போகாது என்று எஃப்ஐஏ அவரை விடுவித்தது. சம்பளம் கொடுக்காமல், வேறு வேலையும் பார்க்காதே என்பது எந்த ஊர் நியாயமோ!

2025 ஜூனில்தான் இந்த வழிகாட்டு நெறிகளையும், எந்தத் தப்புக்கு என்ன தண்டனை என்ற பட்டியலையும் எஃப்ஐஏ பொதுவில் வெளியிட்டது. அதுவரை டீம்களுக்கும் டிரைவர்களுக்கும் மட்டும் தெரிந்த விதிகளை வைத்து, ரசிகர்கள் உலகம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரிய விபத்துக்கு பூஜ்யம், சின்ன உரசலுக்குத் தடை

டிராஃபிக் லைசென்ஸ் மாதிரியே டிரைவர்களுக்குத் தண்டனைப் புள்ளிகளும் உண்டு. 2014-ல் வந்தது. 12 மாதத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் ஒரு ரேஸ் தடை. பார்சிலோனாவில் கிடைத்த 3 புள்ளிகளோடு வெர்ஸ்டாப்பன் கணக்கு 11-ல் நின்றது. இன்னும் ஒன்று வந்திருந்தால் வீட்டில் உட்கார்ந்து ரேஸ் பார்த்திருப்பார்.

இந்த முறையில் முதன்முதலில் தடை வாங்கியவர் மேக்னஸன். 2024 மொனாகோவில் செர்ஜியோ பெரஸ் காரோடு மோதி, அந்தக் காரே உருத்தெரியாமல் நொறுங்கியது நினைவிருக்கும். அதற்கு நடுவர்கள் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. செப்டம்பரில் மான்ஸாவில் பியர் கேஸ்லியோடு ஒரு உரசல். இருவருமே தொடர்ந்து ஓட்டினார்கள். கேஸ்லியே, இது ஒன்றுமில்லாத விஷயம் என்றார். மேக்னஸனுக்கு 10 விநாடியும் 2 புள்ளியும். கணக்கு 12. அடுத்த ரேஸ் பாகுவில் அவர் இருக்கையில் இளைஞர் ஆலிவர் பேர்மன் உட்கார்ந்து, பத்தாவதாக முடித்தார்.

சண்டையே இல்லாத தீர்ப்புகள்

எல்லா பெனால்டிகளும் இப்படிப் பஞ்சாயத்தில் முடிவதில்லை. 2024 பெல்ஜியம் ரேஸை ரஸ்ஸல் வென்றார். எடை போட்டுப் பார்த்தால் கார் 1.5 கிலோ குறைவு. தகுதி நீக்கம். வெற்றி சக டிரைவர் ஹாமில்டனுக்கு. 1.5 கிலோவால் அவர் ஜெயித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. தராசுக்குக் கட்சி கிடையாது. 2025 லாஸ் வேகஸில் அடிப்பலகை தேய்ந்ததற்காக நோரிஸும் ஆஸ்கர் பியாஸ்ட்ரியும் நீக்கப்பட்டபோதும் அப்படித்தான். இரண்டாவதாக வந்த நோரிஸுக்கு 18 புள்ளி போனது. மெக்லாரன் மன்னிப்புக் கேட்டது. ஆனால் தராசிலும் ஒரு ஓட்டை உண்டு: யாரை நிறுத்தி எடை போடுவது? 2023 ஆஸ்டினில் அடிப்பலகை சோதிக்கப்பட்ட கார்கள் நான்கு. ஹாமில்டன், லெக்லேர் இருவர் கார்களும் தேறவில்லை. மீதி கார்களைச் சோதித்திருந்தால்?

மனிதக் கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உச்சம், 2023 ஆஸ்திரியா. வெள்ளைக் கோட்டைத் தாண்டினாரா இல்லையா என்று பார்க்க வேண்டிய சந்தர்ப்பங்கள் ஒரே ரேஸில் 1,200-க்கும் மேல். பார்த்து முடிக்கவே நேரம் போதவில்லை. கொடி இறங்கிய பிறகு ஆஸ்டன் மார்ட்டின் புகார் கொடுக்க, மறுபடி உட்கார்ந்து எண்ணி, எட்டு டிரைவர்களுக்குப் புதிதாகப் பெனால்டி. மேடையில் கோப்பை கொடுத்துப் பல மணி நேரம் கழித்து இறுதி முடிவு வந்தது.

அடுத்த ஆண்டு அங்கே நடுவர்களைக் கூட்டவில்லை. கடைசி வளைவுகளின் ஓரத்தில் ஜல்லி கொட்டினார்கள், அவ்வளவுதான். கோட்டைத் தாண்டினால் சக்கரம் ஜல்லியில் இறங்கும், வேகம் போகும். யாரும் பெனால்டி போட வேண்டியதில்லை. புகார்கள் கிட்டத்தட்டக் காணாமல் போயின. ஆனால் இரண்டு கார்களுக்கு நடுவே ஜல்லி கொட்ட முடியாது. அங்கே மனிதர்கள்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

மறுபடியும் ஆரம்பத்துக்கே

நிரந்தரமான, சம்பளம் வாங்கும் நடுவர்கள் வேண்டும் என்று டிரைவர்கள் பல வருடங்களாகக் கேட்கிறார்கள். பணம் யார் கொடுப்பது என்பதில் பேச்சு நிற்கிறது. டீம்களும் பங்கு போடலாம் என்று மெக்லாரன் தலைவர் ஜாக் பிரவுன் சொல்லியிருக்கிறார். மெக்லாரன் பணமும் சேர்ந்த சம்பளத்தை வாங்குபவர் வெர்ஸ்டாப்பனுக்கு 10 விநாடி போட்டால் யோஸ் என்ன சொல்வார் என்பதை வாசகர்கள் கற்பனைக்கே விடலாம்.

இதற்கிடையே 2025 நவம்பரில் பிரேசில். சேஃப்டி கார் போனதும் முதல் வளைவில் மூன்று கார்கள் பக்கம் பக்கமாக நுழைந்தன. உள்ளே பியாஸ்ட்ரி, நடுவில் கிமி ஆன்டனெல்லி, வெளியே லெக்லேர். பியாஸ்ட்ரியின் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆன்டனெல்லியை இடிக்க, அந்தக் கார் லெக்லேரை இடித்து அவர் ரேஸை முடித்தது. நெறியின்படி பியாஸ்ட்ரியின் முன் அச்சு போதிய அளவு முன்னால் வரவில்லை, 10 விநாடி. ரேஸை இழந்த லெக்லேரே, தப்பு முழுக்க பியாஸ்ட்ரியுடையது அல்ல, ஆன்டனெல்லிக்கும் பங்கு உண்டு என்றார். பட்டப் போட்டியில் இருந்த பியாஸ்ட்ரிக்கு அது ஐந்தாவது இடமாக முடிந்தது.

அந்த மாதக் கடைசியில் கத்தாரில் டிரைவர்களும் நடுவர்களும் எஃப்ஐஏ-வும் ஒரே அறையில் உட்கார்ந்து, சீசனின் சர்ச்சைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார்கள். டிரைவர்கள் சங்கத்தின் இயக்குநர்களில் ஒருவரும், ஸாண்ட்வூர்ட்டில் செய்யாத தப்புக்கு 10 விநாடி கழித்தவருமான சைன்ஸ் அதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்: பிரச்சினையே இந்த வழிகாட்டு நெறிகள்தான், இவற்றை எடுத்துவிட்டு, நடுவர்கள் பார்த்து முடிவு செய்யட்டும் என்று.